மசோவியா எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்தில் வார்சாவைச் சுற்றியுள்ள பழைய நாடான மசோவியா பற்றிய என் கட்டுரையின் வரைவை இணைத்திருக்கிறேன். கடைசி இரு பிரபுக்களுக்கும் விஷம் வைத்துத்தான் போலந்து அரசர் அந்நாட்டை எடுத்துக்கொண்டாரா? படத்துக்கு இன்றைய மசோவிய மாகாண வரைபடம் போதும்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விஷக்கதையை விடுங்கள். 1524-ல் ஸ்தனிஸ்வாவ் இறந்தார், 1526-ல் அவர் தம்பி யானுஷ். இருவரும் இளைஞர்கள், வாரிசு இல்லை; வதந்தி கிளம்பாமல் இருக்குமா? அரசர் ஜிக்முண்ட் விசாரித்து, இயற்கை மரணம் என்று அறிவித்தார். மசோவியா போலந்து முடிக்குக் கட்டுப்பட்ட நாடு, ஆண்வாரிசு அற்றால் முடிக்கே திரும்பும். மசோவியாவின் பகுதிகளான ராவா 1462-லும் ப்வோட்ஸ்க் 1495-லும் அப்படித்தான் போயின. 1526-ல் போனது மிச்சம்.

ஆனால் அந்த வரைபடம்! இவ்வளவு பொறுமையாகப் படித்து எழுதுகிறவர், 1138-ல் போலந்தை மகன்களுக்குப் பங்கு பிரித்தபோது உருவான நாட்டின் மேல் 1999-ன் மாகாண எல்லையை ஒட்டலாமா? பெயர் ஒன்று, நிலம் வேறு.

மூன்று ஊர்களை வைத்துச் சோதியுங்கள். ராடோம் இன்றைய மாகாணத்துக்குள் இருக்கிறது. பழைய கணக்கில் அது பிலிட்சா ஆற்றுக்குத் தெற்கே, சந்தோமியெஷ் என்ற வேறு நிலப்பகுதியைச் சேர்ந்தது. வட கரையிலுள்ள வார்காவோடு மசோவியா முடிந்துவிடும். வொம்ஷா நேர்மாறு: அசல் மசோவிய மண், இன்று போட்லாஸ்யே மாகாணத்தில். வோவிச்சும் அப்படியே: அது வூச் மாகாணத்துக்குப் போய்விட்டது. 1975-ல் நாட்டை 49 துண்டாக்கி, 1999-ல் 16 ஆகச் சேர்த்தபோது, ராடோம் துண்டின் பெரும்பகுதி வார்சாவோடும், வொம்ஷா துண்டின் பெரும்பகுதி போட்லாஸ்யேயின் தலைநகர் பியாவிஸ்டோக்கோடும் சேர்ந்தன. பழைய எல்லையை யாரும் பார்க்கவில்லை.

சரியான படம் வேண்டுமென்றால், 16-ஆம் நூற்றாண்டின் மசோவியா, ப்வோட்ஸ்க், ராவா ஆகிய மூன்று மாகாணங்களையும் சேர்த்து வெளிக்கோடு போடுங்கள். பலரும் 'மசோவியா' என்ற பெயருள்ளதை மட்டும் எடுத்து, பழைய தலைநகரான ப்வோட்ஸ்க்கையே வெளியே தள்ளிவிடுகிறார்கள். 12-ஆம் நூற்றாண்டுக்கு இந்தக் கோடும் ஆகாது. அப்போது பக்கத்திலிருந்த குயாவியாவும் ஹெவ்ம்னோ நிலமும் கூட இருந்தன. ஹெவ்ம்னோவை டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மன் துறவி-வீரர் அமைப்புக்கு மசோவியாவின் கொன்ராட் பிரபு கொடுத்தது அதற்கப்புறம். எனவே இரண்டு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஆண்டு.

போலந்தின் கடைசிப் பிரிவினை நடந்த 1795-க்குப் பிந்திய பகுதி அருமை, கைவைக்காதீர்கள். ராடோம் பத்தியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.