நுக்குஸுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

உஸ்பெகிஸ்தானில் கிவா வரை போகிறோம், நுக்குஸ் நகரில் உள்ள ஓவிய அருங்காட்சியகத்துக்காக இன்னொரு நாள் தேவையா என்று கேட்டிருந்தீர்கள். நவீன ஓவியத்தில் கொஞ்சமாவது ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள். கிவாவிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம், வழியில் பொட்டலும் உண்டு.

1966-இல் ஓவியர் இகோர் சவீத்ஸ்கி தொடங்கிய அருங்காட்சியகம் அது. சோவியத் அரசு ஓரங்கட்டிய ஓவியர்களின் படங்களை அவர்கள் குடும்பத்தாரிடம், பல சமயம் கடன் சொல்லியே வாங்கிச் சேர்த்தார். மாஸ்கோவிலிருந்து அவ்வளவு தூரம், எந்த அதிகாரி வந்து சோதிக்கப்போகிறார்? லிசென்கோ வரைந்த 'காளை' ஓவியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீல உடம்பு, கண் இருக்க வேண்டிய இடத்தில் துப்பாக்கிக் குழல் மாதிரி இரண்டு கரிய வட்டங்கள். அப்புறம், அந்தப் பகுதி மக்களான கரகல்பாக்குகளின் நகைகளுக்கும் நேரம் வையுங்கள். திங்கட்கிழமை போவதாக இருந்தால், திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.