காரோடு வந்த மீட்டர் போர்டுக்குள் வெளியே வாங்கிய கேஜைப் (பெட்ரோல் அளவு, சூடு போன்றவற்றை முள்ளால் காட்டும் மீட்டர்) பொருத்த முடியுமா?

முடியும். ஆனால் முள்ளை மட்டும் மாற்றினால் போதாது. டேஷ்போர்டில் தெரியும் கேஜும் டேங்கிலோ இன்ஜினிலோ இருக்கும் சென்சாரும் ஒரு ஜோடி. அளவு மாற மாற சென்சார் தன் மின்தடையை மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஓம் (மின்தடையின் அலகு) கணக்கைத்தான் கேஜ் முள்ளாகக் காட்டுகிறது.

இந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) கார்களில் டேங்க் காலி என்றால் 0 ஓம், நிறைந்தால் 90. பழைய ஃபோர்டில் தலைகீழ்: காலிக்கு 73, நிறைந்தால் 10 அளவில். ஜிஎம் டேங்கில் ஃபோர்டு கேஜை மாட்டினால், பெட்ரோல் தீர்ந்து வண்டி நிற்கும்போதும் முள் 'ஃபுல்'லைத் தாண்டி நிற்கும்! ஒருவர் படிக் கணக்கில் சொல்வதை இன்னொருவர் கிலோவாக எழுதிக்கொண்ட மாதிரி.

அப்புறம் மின்சாரம். 1960களின் பல ஃபோர்டு மீட்டர் போர்டுகளில் கேஜ்களுக்குப் போவது சராசரியாக 5 வோல்ட்தான். வெளிக் கேஜுக்கு 12 வோல்ட் வேண்டும், தனி வயர் இழுக்க வேண்டும். இடம் பெரிய சிக்கல் இல்லை. 52 மில்லிமீட்டர் கேஜ் பலதும் பழைய வட்டக் குழிகளில் கொஞ்சம் ராவினால் உட்காரும். புதிய கார்களில் எல்லாம் கணினி வழி ஓடுவதால், போர்டைத் தொடாமல் பக்கத்தில் வைப்பதே நல்லது.

பழைய சென்சார் வயரிலேயே புதிய கேஜையும் சேர்த்து முறுக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டுமே தப்பாகக் காட்டும்.