தேர்தல் முடிந்ததும் ஏன் வெட்டுக்குத்து? – கேள்வி பதில்

(புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்)

லாஸ்பேட்டை வாசகர்: ஐயா, கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பிறகு ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். இனப்பகைதானே காரணம்?

பதில்: வெறும் இனப்பகை என்றால், அது ஏன் தேர்தலையொட்டியே வெடிக்கிறது? 1992, 1997 தேர்தல்களின்போதும் ரிஃப்ட் பள்ளத்தாக்குப் பக்கம் கலவரம் நடந்தது. அடியில் கிடந்தது நிலத்தகராறு, கிளறிவிட்டவர்கள் அரசியல்வாதிகள். 2007 டிசம்பர் 30 அன்று அப்போதைய அதிபர் கிபாக்கியே மறுபடியும் வென்றதாக அறிவித்தார்கள். பொழுது சாய்வதற்குள் பதவியேற்பையும் அவசரமாக முடித்தார்கள். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஒடிங்கா தரப்புக்கு நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை இல்லை. அப்புறம் மிச்சம் இருந்தது தெருதான். சுமார் 6 லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். மொம்பாசா துறைமுகத்திலிருந்து வரும் சாலை அடைபட்டு உகாண்டாவில்கூட பெட்ரோல் தட்டுப்பாடு.

பண்ருட்டி வாசகி: படிப்பறிவு வந்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாதும்மா. அடியாளுக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் படித்தவர்தான்.

நெல்லிக்குப்பம் வாசகர்: வாக்கு இயந்திரத்தில் மோசடி செய்ய முடியுமா?

பதில்: ஒரு பொறியாளரிடம் கேளுங்கள்.

அரியாங்குப்பம் வாசகர்: அந்தக் கென்யா ஜனங்களே முரடர்கள் இல்லையா?

பதில்: இதே கேள்வி வேறு வேறு சொற்களில் வந்துகொண்டே இருக்கிறது. தயவுசெய்து ஒரு மக்கள்மேல் பழி போடாதீர்கள். கானாவில் 2008இல் சுமார் 40,000 வாக்கில் தோற்ற கட்சி அமைதியாக ஆட்சியைக் கொடுத்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்தது 1981 மாவட்ட சபைத் தேர்தலுக்குச் சில நாள் முன்புதான். எரித்தவர்கள் சீருடைக்காரர்கள்.

லாஸ்பேட்டை வாசகர் (மறுபடியும்): ஆனால் 1954இல் நம் புதுச்சேரி கீழூரில், பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு இணைய 178 பேரில் 170 பேர் வாக்களித்தார்கள், ஒரு கல் விழவில்லை. நாம் பக்குவப்பட்டவர்கள் இல்லையா?

பதில்: அங்கே வாக்களித்தவர்கள் மக்கள் பிரதிநிதிகள். டெல்லியும் பாரிசும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தன. தோற்றவருக்குப் பெரிதாக இழப்பு இல்லை. அதற்கு முந்தைய பிரெஞ்சுக்காலத் தேர்தல்களில் இதே புதுச்சேரியில் அடியாள் வைத்துத்தான் வாக்கு சேர்த்தார்கள். மக்கள் அதே மக்கள்தான் தம்பி. தோற்றால் எல்லாம் போய்விடும் என்ற பயம்தான் கத்தியை எடுக்க வைக்கிறது.

சிதம்பரம் வாசகி: வழக்குப் போட்டால் வருடக்கணக்காகுமே, ஐயா?

பதில்: சரியான கேள்வி. கென்யாவின் 2010 அரசியலமைப்பு அதிபர் தேர்தல் வழக்கை 14 நாளில் முடிக்கச் சொல்கிறது. 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. அதற்குப் பிறகும் உயிர்கள் போயின, ஆனால் 2007 அளவுக்கு இல்லை. நம் சட்டப்படி 45 நாளுக்குள் மனு போடவேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்றும் இருக்கிறது. எத்தனையோ வழக்குகளில் பதவிக்காலமே முடிந்துபோகிறது. இதைக் கட்டாயம் மாற்றவேண்டும்.