வாகனம் – வாசகர் கேள்வி பதில்: வொறண்டி மறுக்கப்படும்போது

கேள்வி: புதுக் காருக்கு மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர் வொறண்டி தந்தார்கள். முதல் இரண்டு சேர்விஸும் கொழும்பில் ஏஜென்ட்டிடம் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தூரம் போய்வர முடியாமல், அடுத்த நான்கையும் திருகோணமலையில் தெரிந்த கராஜில் செய்தேன். 32,000 கிலோமீற்றரில் எஞ்சினில் தட்டும் சத்தம் வந்தது. ஏஜென்ட்டின் ஆட்கள் எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒயில் நேரத்துக்கு மாற்றவில்லை, களி படிந்திருக்கிறது" என்று வொறண்டியை மறுத்துவிட்டார்கள். வெளியில் சேர்விஸ் செய்தாலும் வொறண்டி போகாது என்று இணையத்தில் படித்தேனே?
– கிண்ணியா வாசகர்

பதில்: நீங்கள் படித்தது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மக்னசன்–மொஸ் வொறண்டிச் சட்டத்தைப் பற்றியதாக இருக்கும். குறிப்பிட்ட கராஜில்தான் சேர்விஸ் செய்ய வேண்டும் என்று பணம் வாங்கிக்கொண்டு நிபந்தனை போடுவதை அந்தச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அது அமெரிக்காவில்தான் செல்லும். ஏஜென்ட்டின் மேசையில் அதை எடுத்து வைத்தால் உங்கள் மற்ற நியாயங்களும் எடுபடாமல் போகும்.

உங்களுக்கு முதல் ஆவணம் வொறண்டிப் புத்தகம். அதில் சேர்விஸ் பற்றிய பகுதியை வரி விடாமல் வாசியுங்கள். "அங்கீகரிக்கப்பட்ட வேலைத்தளத்தில் மட்டும்" என்று இருந்தால் உங்கள் நிலை கடினம். "கால அட்டவணைப்படி பராமரிக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தால் திருகோணமலைக் கராஜில் செய்ததும் கணக்கில் வரும். அப்போது அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

"சேர்விஸ் – பணம் பெறப்பட்டது" என்று மட்டும் எழுதிய துண்டு எதையும் நிரூபிக்காது. திகதி, ஓடோமீற்றர் கணக்கு, செசி இலக்கம், ஒயிலின் தரம், எத்தனை லீற்றர், ஃபில்டரின் பாக இலக்கம், கராஜின் முத்திரை ஆகிய ஏழும் பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். லீற்றர் எதற்கு என்று கேட்கக் கூடாது. முதல் தலைமுறை டொயோட்டா அக்குவாவின் 1500 சி.சி. எஞ்சினுக்கு, ஃபில்டரும் மாற்றினால், 3.7 லீற்றர் ஒயில் போகும். அந்தக் காருக்கு "3 லீற்றர்" என்று பில் இருந்தால், ஒயில் குறைவாக ஊற்றப்பட்டது என்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்ததாகிவிடும். தரமும் அப்படித்தான். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில் கேட்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது தடித்த ஒயில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு வரை ஏறத் தாமதிக்கும். அந்தச் சில நொடிகள்தான் தேய்மானத்தைக் கூட்டும்.

கராஜ்காரரிடம் பில் புத்தகத்தின் காபன் பிரதி இருக்கும். நான்கு சேர்விஸுக்கும் பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் "மூலப் புத்தகத்திலிருந்து" என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஒயிலைக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால் அந்தப் பில்லையும் தேடுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பழைய திகதி போட்டுப் புதுப் பில் எழுதிக் கேட்காதீர்கள். பல மாத இடைவெளியில் எழுதியதாகச் சொல்லும் நான்கு பில்களின் தொடர் இலக்கங்கள் அடுத்தடுத்து வந்தால், உண்மையான பில்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இப்போது அவசரம் எஞ்சினில் இருக்கிறது. "கழுவிப் பார்க்கிறோம்" என்றால் சம்மதிக்க வேண்டாம். வால்வ் கவரின் உட்பக்கம், ஒயில் மூடியின் அடிப்பக்கம், கேம் எல்லாவற்றையும் ஓடோமீற்றரோடு சேர்த்துப் படமெடுங்கள். வடிக்கும் ஒயிலில் 100 மில்லிலீற்றர் வீதம் இரண்டு சுத்தமான போத்தலில் எடுத்து, மூடியை ஒட்டி, இரு தரப்பும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபில்டரை உங்கள் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். மடிப்புகளுக்குள் பளபளக்கும் உலோகத்துகள் இருந்தால் பெயரிங் தேய்கிறது. கறுப்புக் களி மட்டும் என்றால் கதை வேறு. களி வந்தாலே உரிமையாளரின் கவனக்குறைவு என்று முடிவு கட்ட முடியாது. எஞ்சினின் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வ் அடைத்தாலும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீர் ஒயிலுக்குள் கசிந்தாலும் களி படியும். அவை உற்பத்தியாளர் பதில் சொல்ல வேண்டிய பழுதாகவும் இருக்கலாம். அவற்றைப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள்.

வாய்வார்த்தையாக வந்த மறுப்புக்கு மதிப்பில்லை. எந்தப் பாகம் பழுது, எந்தத் திகதியில் தவறிய சேர்விஸ் அதற்குக் காரணம், அந்தக் காரணம் எப்படி அந்தப் பழுதை உண்டாக்கியது ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேட்டு, பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். 14 நாள் அவகாசம் போதும். கழற்றிய பாகங்களை வீசக் கூடாது என்றும் அதிலேயே எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கவும், நட்டஈடோ மாற்றுப் பொருளோ பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோ உத்தரவிடவும் அதிகாரம் தருகிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். ஏஜென்ட் மறுத்த வேலை அட்டையின் திகதியிலிருந்தே நாட்களை எண்ணத் தொடங்குங்கள். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், பொறுங்கள்" என்ற தொலைபேசிப் பேச்சில்தான் பலருடைய மூன்று மாதம் கரைகிறது. என்ன செய்வது என்று தெரியாவிட்டால் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

கேள்வி: என் காரின் கியர் உதறுகிறது. மூன்று தடவை ஏஜென்ட்டிடம் விட்டேன். மூன்று தடவையும் "பிழை எதுவும் காணப்படவில்லை" என்று திருப்பித் தந்தார்கள். வொறண்டி அடுத்த மாதம் முடிகிறது.
– உப்புவெளி வாசகி

பதில்: சூடேறினால் மட்டும் வரும் பழுது, குளிர்ந்த வண்டியை வேலைத்தளத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் தெரியாது. வேலை அட்டையில் "கியர் சரியில்லை" என்று எழுத விடாதீர்கள். "20 நிமிடம் ஓடிய பிறகு, ஏ.சி. போட்ட நிலையில், ஏற்றத்தில் 20 முதல் 30 கிலோமீற்றர் வேகத்தில் உதறுகிறது" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். திருகோணமலை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, வேகமானியும் சத்தமும் சேர்ந்து பதிவாகும்படி வீடியோ எடுங்கள். தொழில்நுட்பவியலாளரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டக் கேளுங்கள். அது உங்கள் உரிமையான வேண்டுகோள்.

போகும் முன் ஊர்க் கராஜில் ஸ்கேன் பண்ணினால் அறிக்கையை அச்செடுங்கள், ஆனால் காரின் கணினியில் பதிந்த பழுதுக் கோட் இலக்கத்தை அழிக்க விடாதீர்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்த கணத்தில் எஞ்சின் வேகம், சூடு, சுமை எவ்வளவு என்று கணினி ஒரு பதிவு வைத்திருக்கும். கோட் இலக்கத்தை அழித்தால் அதுவும் அழியும். பற்றரி வயரைக் கழற்றினாலும் பல கார்களில் அதே கதி. அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதையும் கணினி காட்டும். அதைப் பார்த்து "நீங்கள்தான் எதையோ மறைத்தீர்கள்" என்பார்கள்.

உங்களுடையது சி.வி.டி. (பல் சக்கரங்களுக்குப் பதில் பட்டியில் ஓடும் ஓட்டோ கியர்) என்றால் யாரும் கியர் ஒயில் தொட்டார்களா என்று நினைத்துப் பாருங்கள். ஹொண்டாவுக்கு எச்.சி.எஃப்-2, நிசானுக்கு என்.எஸ்-3 என்று அவற்றுக்கு உரியது வேறு. சாதாரண ஓட்டோ கியர் ஒயில் ஊற்றினால் இரும்புப் பட்டி அது சுற்றும் கப்பியில் வழுக்கத் தொடங்கும். பட்டியில் விழும் கீறல் பிறகு ஆறாது.

வொறண்டி முடியும் நாளுக்கு முன்பே, மூன்று வேலை அட்டைகளின் இலக்கம், திகதி, கிலோமீற்றர் எழுதி, "வொறண்டிக் காலத்துக்குள் அறிவித்த இந்தப் பழுது இன்னும் திருத்தப்படவில்லை" என்று பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். இந்த வாரமே அனுப்புங்கள்.

கேள்வி: காருக்குள் வைத்திருந்த பில்கள் எல்லாம் வெள்ளையாகிவிட்டன. லமினேட் செய்யலாமா?
– மூதூர் வாசகர்

பதில்: வேண்டாம். அது சூட்டில் எழுத்து விழும் கடதாசி. டேஷ்போர்ட் பெட்டிக்குள் வெயிலில் மங்கும். லமினேட் இயந்திரத்தின் சூட்டில் முழுதும் கறுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ பிரதி எடுத்து மூலத்தோடு குத்துங்கள், போனிலும் படமெடுங்கள். பில் கோப்பு வீட்டில் இருக்கட்டும். ஒயில் கடையில் பில் தர மறுத்தால், கேட்பவருக்குத் திகதி, அளவு, விலை எழுதிப் பற்றுச்சீட்டு தர வேண்டும் என்று மேலே சொன்ன நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ரீகண்டிஷன் ஹைபிரிட் கார். விற்றவர் ஹைபிரிட் பற்றரிக்கு ஆறு மாத வொறண்டி தந்தார். நான்காம் மாதம் டேஷ்போர்டில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. "கடற்காற்றும் தூசும் உங்கள் பக்கப் பிழை" என்கிறார்.
– நிலாவெளி வாசகர்

பதில்: அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கலாம், அதனால் முதலில் அதைச் சோதியுங்கள். பல ஹைபிரிட்களில் பற்றரி பின் ஆசனத்துக்கு அடியில் இருக்கும். ஆசனத்தின் பக்கத்தில் காற்று நுழையும் வாய் ஒன்று. அதை மணல், முடி, துணிப் பஞ்சு அடைத்தால் விசிறி இழுக்காது, பற்றரி சூடேறிச் செல் பலவீனமாகும். அந்த வாயையும் விசிறியையும் துடைக்கும் முன் படமெடுங்கள். சுத்தமாக இருந்தால் அவருடைய வாதம் அங்கேயே விழுந்தது. அடைத்திருந்தாலும் கேள்வி மிச்சமிருக்கிறது: நான்கு மாதத் தூசா, ஜப்பானிலிருந்தே வந்ததா? ஒப்படைக்கும் நாளில் அந்த வாயைப் படமெடுத்து வைப்பவருக்கு இந்தச் சண்டையே வராது.

அடுத்து ஸ்கேன் அறிக்கை. பி0ஏ80 என்ற பழுதுக் கோட் இலக்கம் வந்தால் ஹைபிரிட் பற்றரி பலவீனம். சுமையில் ஓடும்போது ஒவ்வொரு தொகுதியின் வோல்ற்றேஜையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிடக் கீழே விழுந்தால் பழுது அந்தத் தொகுதியின் மொடியூலில் (பற்றரிக்குள் வரிசையாக இருக்கும் சிறு பற்றரியில்). முதல் தலைமுறை அக்குவாவின் நிக்கல் பற்றரியில் 20 மொடியூல்கள், மொத்தம் 144 வோல்ற். கெட்ட ஒன்றை மட்டும் மாற்றித் தருவதாக விற்றவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்: பழைய பத்தொன்பதின் பக்கத்தில் புதிய ஒன்று சமமாக ஏறி இறங்காது, சில மாதத்தில் விளக்கு திரும்ப எரியும். அதற்குள் ஆறு மாதம் முடிந்துவிடும். வேறு வழியில்லாமல் ஏற்க நேர்ந்தால், மாற்றிய நாளிலிருந்து புதிதாக ஆறு மாதம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ரேடியேற்றருக்குக் கிணற்று நீர் ஊற்றலாமா?
– தம்பலகாமம் வாசகர்

பதில்: வழியில் சூடேறி வேறு நீர் இல்லாவிட்டால் மட்டும். எஞ்சின் ஆறும்வரை மூடியைத் திறக்க வேண்டாம். கிணற்று நீரின் உப்பும் சுண்ணாம்பும் அலுமினியத்தை அரித்து நுண்குழாய்களில் படியும். கூலன்டின் நிறம் கலங்கினாலே ஏஜென்ட் கண்டுபிடித்துவிடுவார். வீடு வந்ததும் முழுதும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் அலசி, புத்தகத்தில் சொன்ன கூலன்டை ஊற்றி, அந்தப் பில்லையும் கோப்பில் சேருங்கள். பல ஹைபிரிட்களில் இன்வேட்டருக்கு (பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவிக்கு) தனிக் கூலன்ட் தொட்டி இருக்கிறது; அதன் மட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.