வளையும் பொந்தும்

அன்புள்ள ஐயா,

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்று சொல்லித்தான் என் அப்பா இரண்டு சென்ட் இடத்தில் வீடு கட்டினார். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் கட்டுரையில் ‘எலிப் பொந்து’ என்று எழுதியிருக்கிறாள். அது தப்பா? அப்புறம், செய்திகளில் சுரங்கத்தில் வேலை செய்பவர்களை ‘எலி வளைத் தொழிலாளர்கள்’ என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மகள் எழுதியதில் தப்பில்லை. பேச்சில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் வயலோடு பழகியவர்களுக்குப் பொந்து என்றால் மரம்தான் நினைவுக்கு வரும். கிளிக்கும் ஆந்தைக்கும் பொந்து, பாம்புக்குப் புற்று, எலிக்கும் நண்டுக்கும் வளை. வங்கு என்பவர்களும் உண்டு. புறநானூற்றின் 190ஆம் பாட்டில் ‘அளை’ என்று வருகிறது. கதிரைக் கொண்டுபோய் அளை நிறைய வைக்கும் எலியைப் போல, இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்பவர்களின் நட்பே வேண்டாம் என்கிறான் சோழன் நல்லுருத்திரன்.

வளையை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு சரி என்று தெரியும். சின்ன வயதில், அறுவடை முடிந்த வயலில் பார்த்திருக்கிறேன். வரப்போரம் புது மண் குவிந்திருந்தால் உள்ளே எலி இருக்கிறது என்று அர்த்தம். எலி பிடிக்க வரும் இருளர் பெரியவர், அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, பானை வாயை வளையோடு பொருத்தி ஊதுவார். பத்தடி தள்ளி எங்கோ புகை கிளம்பும். அது இன்னொரு வாசல். அதை அடைத்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார். ஒரு கிளையின் முடிவில் நறுக்கிய நெற்கதிர்கள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். இன்னொன்றில் காய்ந்த புல் மெத்தை, அதில் கண் திறக்காத குட்டிகள். அதை ஓட்டை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீடு அது. உங்கள் அப்பா பழமொழியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

சரி, சுரங்கத்துக்கு வருகிறேன். மேகாலயாவில் நிலக்கரி மெல்லிய அடுக்காகக் கிடக்கிறது. நிமிர முடியாத துளை போட்டு, ஊர்ந்து போய் வெட்டுவார்கள். அந்தத் துளைக்குத்தான் எலி வளை என்று பெயர். 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. தடைக்குப் பிறகும், 2018 டிசம்பரில் அப்படி ஒரு சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 15 பேர் மாட்டிக்கொண்டார்கள். வயல் எலி தப்பி ஓட ஒரு வாசல் வைத்திருக்கிறது. இந்த மனிதர்களுக்கு யாரும் வைக்கவில்லை.

2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 பேர் 17 நாள் உள்ளே கிடந்தார்கள். துளையிடும் எந்திரம் உடைந்துபோனது. குழாய்க்குள் ஊர்ந்து போய், கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைக் கையால் தோண்டி வழி திறந்தவர்கள் இந்த வேலை தெரிந்தவர்கள்தான்.

உங்கள் உறுத்தல் நியாயமானது. துளையை எலி வளை என்று சொல்லலாம். ஆளைச் சொல்லும்போது சுரங்கத் தொழிலாளர் என்றாலே போதும். மகளிடம் ‘பொந்து’ என்பதை அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கத்தில் ‘வளை’ என்று எழுதி வைத்துக்கொள்ளட்டும்.