எடை கூட்டினால் நடிப்பா?

கேள்வி: ஹாலிவுட்டில் உடம்பைப் பெருக்கியோ இளைத்தோ நடித்தால் ‘மெதட் ஆக்டிங்’ (பாத்திரமாகவே மாறி நடிப்பது) என்று விருது கொடுக்கிறார்கள். மற்றவர்கள் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள். மார்லன் பிராண்டோ காலத்து நடிப்பு செத்துவிட்டதா?

பதில்: சாகவில்லை. பிராண்டோ வந்தபோது அவரையும் ‘முனகுகிறார்’ என்றுதான் திட்டினார்கள். நாடக மேடைப் பயிற்சியில் கணீரென்று பேசிய நடிகர்களைக் கேட்டுப் பழகிய காதுகள் அவை.

1954இல் வந்த ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’டைப் பாருங்கள். பூங்காவில் நடக்கும்போது நாயகி ஈவா மேரி செயின்ட்டின் வெள்ளைக் கையுறை கீழே விழுகிறது. பிராண்டோ அதை எடுக்கிறார், ஆனால் திருப்பித் தரவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகத் தன் முரட்டு விரல்களை அதற்குள் நுழைக்கிறார். அவளால் கிளம்பவும் முடியவில்லை. ‘உன்னைப் பிடித்திருக்கிறது’ என்று ஒரு வசனம்கூட அங்கே தேவைப்படவில்லை.

‘மெதட்’ என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டவர் அமெரிக்க நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க். சொந்த வாழ்க்கையின் துயரத்தைக் கிளறி எடுத்து நடி என்றவர். பிராண்டோவுக்குக் கற்றுக்கொடுத்த ஸ்டெல்லா ஆட்லர் அதை ஏற்கவே இல்லை. 1934இல் பாரிஸில், இந்த நடிப்பு முறைக்கெல்லாம் மூலவரான ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியிடமே நேரில் பயின்று வந்தவர் அவர். கதாபாத்திரத்தின் சூழலைக் கற்பனையால் கட்டு என்பதுதான் அவர் பாடம். ராபர்ட் டி நீரோவும் அவர் மாணவரே.

அந்த டி நீரோ, குத்துச்சண்டை வீரராக நடித்த ‘ரேஜிங் புல்’ (1980) படத்துக்காகச் சுமார் 27 கிலோ ஏற்றினார். அதற்காகவே படப்பிடிப்பை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். எல்லோரும் அந்தத் தொப்பையைப் பேசுகிறார்கள். எனக்கு மறக்காதது கடைசிக் காட்சி. கண்ணாடி முன் உட்கார்ந்து, பிராண்டோ பேசிய அதே ‘வாட்டர்ஃப்ரன்ட்’ வசனத்தை ஒப்பிக்கிறார். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். உள்ளே எல்லாம் இழந்த ஒரு மனிதன். அந்தக் குரலை எந்தச் சாப்பாடும் கொடுத்துவிடாது. எடையை மட்டும் எடுத்துக்கொண்டு அதைப் பாராட்டும் பத்திரிகைகள்மீது எனக்குக் கோபமே உண்டு.

இன்றைய முனகல் என்கிறீர்களே, ‘மான்செஸ்டர் பை தி சீ’ (2016) பார்த்தீர்களா? தெருவில் முன்னாள் மனைவி மிஷெல் வில்லியம்ஸ் எதிரே வந்து மன்னிப்புக் கேட்கிறார். கேசி ஆஃப்லெக் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிக்கிறார். இருவர் பேச்சும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது, ஒரு வாக்கியமும் முடிவதில்லை. அதைக் கணீரென்று பேசச் சொன்னால் அந்தக் காட்சியே இல்லை. ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.