வாய்க்காலின் குறுக்கே ஒரு சுவர்

அன்புள்ள ஐயா,

அரசுக் கட்டடங்களும் ஊரின் முழுமைத் திட்டத்துக்கு, அதாவது எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று வகுத்த திட்டத்துக்கு, கட்டுப்பட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தண்ணீர் டேங்க் எல்லாம் ஊருக்காகக் கட்டுவது. ‘இது குடியிருப்புப் பகுதி, இங்கே கூடாது’ என்று தெருவுக்கு நாலு பேர் கிளம்பினால் எதைத்தான் கட்டுவது?

க., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள க.,

தண்ணீர் டேங்க் விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். மேடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதைக் கட்ட முடியும். சூரமங்கலத்தில் ரயில்வே இன்னொரு தண்டவாளம் போட மாநகராட்சியைக் கேட்டு நிற்கத் தேவையில்லை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 11ஆம் பிரிவு அந்த உரிமையைத் தந்திருக்கிறது, அது சரியும்கூட. அதே நிலத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் அது வேறு பேச்சு. அங்கே வரும் வண்டிகளும் நெரிசலும் எந்த வணிக வளாகத்துக்கும் உள்ளவைதான்.

நீங்கள் அஞ்சுகிற அந்த ‘நாலு பேருக்கு’ச் சட்டத்தில் இடமே இல்லை என்பதுதான் என் கவலை. 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நாமெல்லாம் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரசுத் துறைக்கு 58ஆம் பிரிவு. கட்டப்போவதைத் திட்டக் குழுமத்துக்கு, அதாவது அந்தப் பகுதியின் கட்டட வளர்ச்சியைக் கவனிக்கும் அமைப்புக்கு, முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால் போதும். குழுமம் ஆட்சேபித்தால் வரைபடத்தைத் திருத்த வேண்டும். இல்லையென்றால் ஆட்சேபத்தையும் சேர்த்து மாநில அரசுக்கு அனுப்பி அதன் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். எல்லாம் அலுவலகங்களுக்குள் நடக்கும் கடிதப் போக்குவரத்து. பக்கத்து வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது.

கன்னங்குறிச்சியில் என் அக்கா வீட்டுக்குப் பின்னால் இப்படித்தான் ஒரு துறையின் கிடங்கு வந்தது. சேர்வராயன் மலையிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கும் வாய்க்காலின் குறுக்கே சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். அக்கா மனு எழுதினாள். ‘அரசுப் பணி’ என்று பதில் வந்தது. அந்த ஐப்பசியில் சமையலறை வரை தண்ணீர். அதே தெருவில் ஒருவர் வாய்க்கால் பக்கம் இரண்டடி தள்ளிப் படிக்கட்டு வைத்ததற்கு நோட்டீஸ் வாங்கி இடித்துக் கட்டினார்.

மேலே ஏற்காட்டில் இது இன்னும் மோசமாகும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் பார்த்தோம். சரிவைச் செங்குத்தாக வெட்டி, தாங்குசுவரும் தண்ணீர் வடிய வழியும் இல்லாமல் விட்டால் மண் நீர் குடித்துக் கனத்து இறங்கும். வெட்டியது தனியார் ரிசார்ட்டா, அரசு விடுதியா என்பதால் கீழ்வீட்டுக்காரருக்கு ஆபத்து குறையப்போவதில்லை.

எங்கே கட்டுவது என்பதில் அரசுக்கு விலக்கு கொடுங்கள், காரணத்தோடு. வடிகால், சரிவு, உயரம், வண்டி நிறுத்துமிடம் இவற்றில் யாருக்கும் விலக்கு வேண்டாம். அந்தக் காரணத்தையும் குழுமத்தின் ஆட்சேபத்தையும், அஸ்திவாரம் தோண்டும் முன்பே, அந்த இடத்தில் தமிழில் எழுதி ஒரு பலகையில் வைக்கட்டும். அக்கா அதைப் படித்திருந்தால், வாய்க்கால் எங்கே போகிறது என்று பொறியாளரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டியிருப்பாள்.